எது படுமோசமான பாட்டு? சண்டையில்லாமல் முடிவு செய்ய ஒரு வழி

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை பாட்டுக் கேட்கக் கூடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் முதல் ஓய்வு பெற்றவர்கள் வரை 15 பேர். போன முறை, “ஹிட்டான பாட்டுகளிலேயே படுமோசம் எது?” என்று கையைத் தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தோம். பெரியவர்கள் எல்லோரும் புதுப் பாட்டுகளைச் சொன்னார்கள், பிள்ளைகள் எண்பதுகளைச் சொன்னார்கள். ஒரு மாமா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுபடி நடத்தலாமா? எப்படி?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக நடத்துங்கள். ஆனால் கையைத் தூக்கும் ஓட்டு வேண்டாம். “எது மோசம்?” என்று மொட்டையாகக் கேட்டால் ஆளாளுக்குத் தனக்குத் திகட்டிப்போன பாட்டைத்தான் சொல்வார்கள். திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஒரு பாட்டு முதலில் பிடித்துக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வெறுக்கும். பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் அதையே போட்டுத் தள்ளியது பாட்டின் குற்றம் இல்லையே. அதனால் வெளிவந்து 10 வருடமாவது ஆன பாட்டுகளை மட்டும் எடுங்கள். அதற்குள் திகட்டல் அடங்கியிருக்கும்.

அடுத்தது குற்றச்சாட்டு. “கேட்க முடியலை” என்பது குற்றச்சாட்டு ஆகாது. பாட்டில் எந்த இடம், என்ன பிழை என்று காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஸ்டார்ஷிப் குழு 1985-இல் வெளியிட்ட ‘வி பில்ட் திஸ் சிட்டி’யைப் பாருங்கள். அந்த வருடம் பில்போர்டு என்ற அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. 2004-இல் பிளெண்டர் என்ற இசைப் பத்திரிகை அதையே மிக மோசமான பாட்டு என்று அறிவித்தது. அதன் மேல் வைக்கும் குற்றச்சாட்டுகளைக் கையால் தொட்டுக் காட்டலாம். பெரிய கம்பெனிகளைச் சாடுகிற வரிகள். ஆனால் இசையோ அந்தக் கம்பெனிகள் விரும்பிய சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் பளபளப்பு. ராக் இசையால் நகரத்தைக் கட்டினோம் என்று மார்தட்டும் பாட்டில் ராக்குக்கு உரிய முரட்டுத்தனமே இல்லை. வானொலியைத் தந்த மார்க்கோனி ‘மாம்பா’ வாசிப்பதாக ஒரு வரி. மாம்பா பாம்பு, நடன இசையின் பெயர் மாம்போ. நடுவில் ரேடியோ அறிவிப்பாளர் குரல் வேறு புகுந்து பாட்டை நிறுத்திவைக்கிறது. இப்படிச் சொன்னால் எதிர்த்தரப்புக்கும் பதில் சொல்ல இடம் கிடைக்கும். கோரஸ் ஒரு தடவை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்கிறதே, அது சும்மா வருமா என்று கேட்கலாம். விவாதம் என்றால் இதுதான்.

தமிழ்ப் பாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குறில் நெடில். மெட்டுக்கு எழுதும்போது நீளும் சுரத்தில் குறில் விழுந்தால் ‘மலை’ என்று எழுதியது ‘மாலை’ என்று காதில் விழும். எழுதியவர் பிழையா, மெட்டின் பிழையா, பாடியவர் பிழையா என்று அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு சரணம்: பல்லவிக்குச் சம்பந்தமே இல்லாமல் எதுகைக்காக மட்டும் வந்த சொற்களை எண்ணலாம்.

வாத்தியத்தின் மேல் உள்ள வெறுப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1997-இல் கோமர், மெலமிட் என்ற ஓவியர்கள் இசையமைப்பாளர் டேவ் சோல்ஜருடன் சேர்ந்து, மக்களுக்கு எதெல்லாம் பிடிக்காது என்று கருத்துக்கணிப்பு எடுத்து அதையெல்லாம் ஒரே பாட்டில் போட்டார்கள். பேக்பைப், அக்கார்டியன், குழந்தைகள் கோரஸ், ராப் பாடும் ஆபரா பாடகி என்று 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதை விரும்பிக் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிடிக்காததைக் கூட்டிப் போட்டால் மோசமான பாட்டு வந்துவிடாது.

நடத்தும் முறைக்கு வருவோம். எட்டுப் பாட்டுக்கு மேல் வேண்டாம், காது களைத்துவிடும். ஒவ்வொன்றையும் முழுதாகப் போடுங்கள். பல்லவியோடு நிறுத்தினால் சரணத்தில் தேறும் பாட்டுக்கு அநியாயம். குற்றம் சாட்ட 2 நிமிடம், ஆதரித்துப் பேச 2 நிமிடம். ஆதரிப்பவர் எதிர்த் தலைமுறைக்காரராக இருக்கட்டும். எண்பதுகளின் பாட்டுக்காக ஒரு கல்லூரிப் பிள்ளை வாதாடும்போது பெரியவர்களுக்குக் கோபம் வராது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது சத்த அளவில். சற்றுக் கூடுதல் சத்தத்தில் ஒலிக்கும் பாட்டு நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பதிவுகள் பெரும்பாலும் பழையவற்றைவிடச் சத்தமானவை. கூட்டத்துக்கு முன்பே எட்டையும் ஓடவிட்டு, பாடும் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவு வேண்டாம். அதில் வேகம் மாறியிருக்கும், சுருதியும் மாறியிருக்கும். பாடகர் மேல் வீண்பழி விழும்.

மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாய்விட்டுச் சொன்னால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். வரி, மெட்டு, பதிவு மூன்றுக்கும் தனித்தனியே 5-க்கு இத்தனை பிழைப்புள்ளி. ஒரு பாட்டுக்கு விழுந்த மொத்தங்களில் மிக உயர்ந்த ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் நீக்கிவிட்டு, மீதி 13 பேருடையதைக் கூட்டுங்கள். ஒருவர் வேண்டுமென்றே அள்ளிப் போட்டாலும் முடிவு புரளாது. சமமாக வந்தால் வரிக்கு அதிகப் பிழைப்புள்ளி வாங்கிய பாட்டே மோசம். மெட்டும் பதிவும் காலத்தோடு மாறும் ரசனைக்கு உட்பட்டவை, வரியில் உள்ள பிழையோ எல்லாத் தலைமுறைக்கும் ஒன்றுதான்.