மீன் தொட்டித் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. நுண்ணுயிர்களை எங்கே தேடுவது?

நடுத்தொட்டியின் தெளிந்த தண்ணீரில் பெரும்பாலும் எதுவும் சிக்காது. இவற்றில் பல, உணவான பாக்டீரியாவும் பாசியும் படிந்த இடங்களில்தான் கூடும். ஃபில்டர் ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்து, அந்த அழுக்குத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுங்கள். அதன்மேல் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டைப் போட்டு முதலில் 40 மடங்கில் தேடி, பிறகு 100க்குப் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வோர்ட்டிசெல்லா. நீண்ட காம்பின் நுனியில் மணி வடிவ உடல். விளிம்பிலுள்ள நுண்ணிழைகள் அசைந்து தண்ணீரைச் சுழற்றி இரையை உள்ளே இழுக்கும். ஸ்லைடை மெல்லத் தட்டிப் பாருங்கள். காம்பு ஸ்பிரிங் மாதிரி சட்டென்று சுருண்டுவிடும், அப்புறம் நிதானமாக நிமிரும். காம்புக்குள் ஓடும் ஓர் இழையில் கால்சியம் சேர்ந்ததும் அது சுருங்குகிறது. நம் தசை சுருங்கச் செலவாகும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு அந்தச் சுருக்கத்துக்குத் தேவையே இல்லை. ஒற்றைச் செல்லுக்குள் இப்படியொரு ஏற்பாடு!

ரோட்டிஃபர் பல செல் உயிர். உடல் கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே தாடை அரைப்பதுகூடத் தெரியும்.

பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் நிற்காமல் ஓடினால் சொட்டில் நாலைந்து பஞ்சு இழைகளைப் போடுங்கள், வேகம் குறையும். சொட்டு காயத் தொடங்கினால் ஓரத்தில் தொட்டித் தண்ணீரையே விடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம்.