அந்தக் கணினியை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்

கேள்வி: கோவையில் துணைமின் நிலையங்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளையும் ரிலேக்களையும் (மின்கோளாறைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிக்கச் செய்யும் கருவிகள்) பொருத்திப் பராமரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். மொத்தம் 11 பேர். சென்ற வாரம் 'ஒப்பந்தப்புள்ளித் திருத்தம்' என்ற பெயரில் வந்த மின்னஞ்சலின் இணைப்பை எங்கள் பணியாளர் திறந்துவிட்டார். உள்ளே வெற்றுப் பக்கம்தான் இருந்தது. வெளிநாட்டு அரசுகளின் ஹேக்கர்கள் உங்களையா தேடி வரப்போகிறார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் முதலில் இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் நிறுத்துங்கள். கணினியை அணைக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். சந்தேகம் வந்தவுடன் தெரிந்த கடைக்காரரை அழைத்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அப்படிச் செய்தால் உள்ளே வந்தவர் எந்தக் கடவுச்சொற்களை எடுத்தார், எங்கெல்லாம் போனார் என்பதற்கான தடயங்கள் அழிந்துவிடும். அவர் ஏற்கெனவே வேறொரு கணினிக்குத் தாவியிருந்தால் அதுவும் தெரியாமலே போய்விடும். அந்தப் பணியாளர் பயன்படுத்திய எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார்.

இனி, உங்கள் நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்விநியோக நிறுவனங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றுபோனது. ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்களின் கண்ணெதிரே சுட்டி தானாகவே நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. தடுக்க முயன்றவர்கள் கணினியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வாடிக்கையாளர் புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகள் கொட்டின. துணைமின் நிலையங்களோடு தொடர்புகொள்ள உதவும் தகவல் மாற்றிக் கருவிகளின் உள்மென்பொருளையே அழித்துவிட்டதால், பொறியாளர்கள் வண்டியேறி நேரில் சென்று கையால் பிரேக்கர்களை மூட வேண்டியிருந்தது. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், கையால் இயக்கும் பழக்கம் அங்கே இன்னும் மறக்கப்படாமல் இருந்ததுதான். இதற்காக 2020 அக்டோபரில் ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

இந்தத் தாக்குதலின் தொடக்கத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே அலுவலகப் பணியாளர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் மேக்ரோ (கோப்புக்குள்ளிருந்தே இயங்கும் சிறு நிரல்) பொதிந்த வேர்டு, எக்செல் கோப்புகள் இருந்தன. ஒருவர் திறந்து, மேக்ரோவை இயக்க அனுமதித்தார். எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு தாக்கியவர்கள் பொறுமையாகக் கடவுச்சொற்களைச் சேகரித்து, வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்கோடு இணைக்கும், கூடுதல் சரிபார்ப்பு எதுவுமில்லாத வி.பி.என். வழியே கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்தார்கள். வெற்றுப் பக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரிய நிறுவனத்தின் வாசலில் காவல் பலமாக இருந்தால், அங்கே அன்றாடம் போய்வரும் சிறு நிறுவனம்தான் வழியாகிறது. ரஷ்ய அரசு சார்ந்த குழுக்கள் மின்துறையைக் குறிவைத்தபோது, பாதுகாப்புக் குறைந்த நெட்வொர்க் வைத்திருந்த வெளி ஒப்பந்தக்காரர்களை முதலில் பிடித்து, அவர்களைப் படிக்கட்டாகப் பயன்படுத்தின என்று 2018 மார்ச்சில் அமெரிக்க அரசு வெளிப்படையாகவே எச்சரித்தது. சீன அரசு சார்ந்ததென அமெரிக்கா கூறும் வோல்ட் டைஃபூன் குழு, பழைய சிறு அலுவலக ரூட்டர்களுக்குள் ஒளிந்துகொண்டு இயங்கியது. சில இடங்களில் குறைந்தது ஐந்தாண்டுகள் உள்ளேயே இருந்திருக்கிறது. சீனா இதை மறுக்கிறது. பணம் பறிப்பவன் சில வாரங்களில் தன்னை வெளிக்காட்டிக்கொள்வான்; அரசுகளோ என்றாவது ஒரு நாள் மோதல் மூண்டால் பயன்படும் என்று காத்திருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பு உங்கள் அலுவலக மூலையில் கிடக்கும் ரூட்டர் வரை வந்து சேர்வது இப்படித்தான்.

நம் பக்கத்திலும் 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக் கணினி ஒன்றில் தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருந்ததை அணுமின் கழகம் முதலில் மறுத்துவிட்டு, அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனி நெட்வொர்க்கில் இருந்ததால் அங்கே பாதிப்பு நேரவில்லை. அந்தப் பிரிப்பை நீங்களும் கடைப்பிடியுங்கள்.

ரிலே அமைப்புகளை (செட்டிங்ஸ்) ஏற்றத் துணைமின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் மடிக்கணினி அந்த வேலைக்கு மட்டுமே இருக்கட்டும். அதில் மின்னஞ்சல் வேண்டாம், வீட்டுக்கும் எடுத்துச்செல்ல வேண்டாம். அதற்கென ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே செருகுங்கள். அவசரத்துக்கென்று நிறுவி மறந்துபோன தொலைவழி இயக்கச் செயலிகளை நீக்குங்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை முடக்குங்கள். நுழைவுகள் எல்லாவற்றிலும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை வையுங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட ரூட்டரை மாற்றிவிடுங்கள். நீங்கள் பொருத்திய ஒவ்வொரு ரிலேயின் அமைப்புக் கோப்பையும் எந்தக் கணினியோடும் இணையாத வட்டில் நகலெடுத்து வைத்தால், மாற்றம் ஏதும் நடந்ததா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தீநிரல் புகுந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. உறுதியாகாத நிலையிலும் எழுதிக் கேட்பதில் தவறில்லை. ஒப்பந்தம் பறிபோகுமோ என்று அஞ்சி வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ஒப்பந்தப்புள்ளியில் உண்மையிலேயே திருத்தம் உண்டா என்று, மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்துக் கேளுங்கள். அதைத் திறந்த நாள் முதல் உங்கள் ஆட்கள் சென்றுவந்த துணைமின் நிலையங்களின் பட்டியலையும் அங்குள்ள பொறியாளரிடம் நாளைக் காலையே கொடுத்துவிடுங்கள்.