மொஹாவே ரோட்டில் கூட்டாக வண்டி ஓட்ட: கேள்வி பதில்

கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தைக் குறுக்கே கடக்கும் மண் பாதை மொஹாவே ரோடு. கிழக்கே கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி, மேற்கே ஆஃப்டன் கேன்யன் பக்கம் முடிகிறது. ஏறக்குறைய 140 மைல். மொஹாவே பழங்குடியினர் ஊற்றுக்கு ஊற்று நடந்தே பதித்த தடம் இது. குழுவாகப் போக விரும்புவோர் கேட்டவையும் பதில்களும் கீழே.

எத்தனை வண்டி, எத்தனை நாள், எந்த மாதம்?

மூன்று முதல் ஆறு வண்டி. தனி வண்டியாகப் போகவே வேண்டாம். ஆறைத் தாண்டினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை மணி நேரம் கரைந்துவிடும். மூன்று பகல், இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை சரியான காலம். கோடையில் வெயில் 45 டிகிரியை எட்டும். வண்டி நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.

வாடகைக்கு ஜீப் எடுத்து வரலாமா, சார்?

ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் தார் போடாத சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. மீறினால் காப்பீடும் கிடைக்காது, இழுத்து வரும் செலவும் உங்கள் தலையில்தான். மற்றபடி, லோ ரேஞ்ச் (மெதுவான வேகத்தில் அதிக இழுவிசை தரும் கியர்) உள்ள நான்கு சக்கர இயக்க வண்டி, முழு அளவு ஸ்டெப்னி, தரையிலிருந்து குறைந்தது 8 அங்குல இடைவெளி, இந்த மூன்றும் வேண்டும். தற்காலிகத்துக்கான சின்ன ‘டோனட்’ ஸ்டெப்னியோடு வருகிறவரைக் குழுவில் சேர்க்க வேண்டாம்.

டயர் காற்றை எவ்வளவு இறக்குவது?

நெடுஞ்சாலையில் 36 பி.எஸ்.ஐ காற்றழுத்தத்தில் ஓடும் வண்டிக்கு, கல்லும் வரிவரியான மேடுபள்ளமும் உள்ள இடத்தில் 22 போதும். ஆழமான மணலில் 15 முதல் 18. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதக்கும். வண்டிக்கும் அதிர்ச்சி குறையும். ஆனால் 15க்குக் கீழே போய் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று இறக்கிய பிறகு 25 மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம்.

காற்றடிக்கும் கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் துளையில் செருகாதீர்கள், ஃபியூஸ் போய்விடலாம். பேட்டரி முனையிலேயே கிளிப்பை மாட்டுங்கள். தார்ச் சாலை ஏறும் முன் நான்கு டயரிலும் காற்றை ஏற்றியே ஆகவேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

மணலில் புதைந்தால் உடனே கயிறு கட்டி இழுத்துவிடலாமா, அண்ணா?

கயிறு கடைசி வழி, தம்பி. சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கிய கணமே ஆக்சிலேட்டரை விடுங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: இன்னும் அழுத்தி, அச்சு மணலில் உட்காரும்வரை தோண்டிவிடுகிறார்கள். இறங்கி நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் சரிவாக மணலை வாருங்கள். வெளியே வரும்வரை மட்டும் காற்றை 12 வரை இறக்குங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள், அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும். பத்தில் எட்டு தடவை இதிலேயே வண்டி வெளியே வந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால், நீண்டு சுருங்கும் மீட்புக் கயிறு. வண்டியின் அடிச்சட்டத்தில் (சேசிஸ்) போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் பந்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் குண்டு மாதிரி பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்றுவிடும். கயிற்றின் நடுவில் ஒரு கனத்த ஜமுக்காளத்தைப் போடுங்கள். ஓட்டுநர்கள் தவிர மற்ற எல்லோரும் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும், குழந்தைகள் இன்னும் தூரத்தில்.

தூசியில் முன்வண்டியே தெரிவதில்லை. வழி தவறாமல் போவது எப்படி?

தூசி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், கால் மைல் ஆனாலும் பரவாயில்லை. முன்வண்டியைத் துரத்த வேண்டாம். பின்வண்டியைக் கவனிப்பதுதான் உங்கள் பொறுப்பு. எந்தத் திருப்பத்திலும் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை நில்லுங்கள். இந்த ஒரு விதியை எல்லோரும் காத்தால் யாரும் தொலையமாட்டார்கள். அனுபவசாலிகள் இருவர் இருந்தால் ஒருவர் முதலில், மற்றவர் கடைசியில்.

செல்போன் சிக்னல் பெரும்பகுதியில் கிடைக்காது. வண்டிக்கு ஒரு ஜி.எம்.ஆர்.எஸ் (அமெரிக்காவில் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் ரேடியோ சேவை) வாக்கி டாக்கி வையுங்கள். உரிமம் 10 ஆண்டுக்கு 35 டாலர், தேர்வு கிடையாது, குடும்பத்துக்கே ஒன்று போதும். கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது கற்குவியல் அடையாளங்கள் வலப்பக்கம் வரும். நெடுநேரம் ஒன்றும் கண்ணில் படாவிட்டால் நின்று வரைபடத்தைப் பாருங்கள்.

பெட்ரோல், தண்ணீர்?

பாதை கடந்துபோகும் மொஹாவே தேசியக் காப்பகத்துக்குள் பெட்ரோல் பங்க் இல்லை. கிழக்கு முனைக்குப் பக்கத்து ஊரான நீடில்ஸில் டேங்கை நிரப்பிவிடுங்கள். மணலும் லோ ரேஞ்சும் எரிபொருளைக் குடிக்கும், ஆகவே 200 மைலுக்குக் குறையாத கணக்கு வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், கூடவே ஒரு நாள் உபரி. எல்லாத் தண்ணீரையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

வழியில் வரும் சோடா லேக் வறண்ட ஏரிதானே, அதில் என்ன பயம்?

மேலே வெள்ளை உப்பு ஓடு, அடியில் சேறு. மழை பெய்து பல நாள் கழித்தும் மேற்பரப்பு காய்ந்த மாதிரி ஏமாற்றும். இறங்கி நடந்து பாருங்கள். காலணி அழுந்தினால் வண்டியை இறக்காதீர்கள். கெல்பேக்கர் ரோடு என்ற தார்ச் சாலைக்குத் திரும்பி, பேக்கர் ஊர் வழியாகச் சுற்றிப் போகலாம். இந்த முடிவைப் புறப்படும் முன்பே குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஓட்டிவந்த களைப்பில் திரும்ப யாருக்கும் மனம் வராது. காய்ந்திருந்தாலும் தடத்தை விட்டு விலக வேண்டாம். ஏரி நடுவே பயணிகள் கல் போட்டு வளர்த்த நினைவுக்குவியல் இருக்கிறது. அதற்கான கல்லை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், காப்பகத்துக்குள் கல் பொறுக்கக் கூடாது.

ஆஃப்டன் கேன்யனில் மொஹாவே ஆற்றைக் கடப்பது?

ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், குச்சி வைத்து அளக்காமல் இறங்காதீர்கள். இறங்கும் முன் பத்து நிமிடம் வண்டியை ஆறவிடுங்கள். சூடான டிஃபரன்ஷியல் (அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த நீரில் பட்டால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். லோ ரேஞ்சில் சீராகப் போங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்து எஞ்சினே போய்விடும். இழுத்துக் கரையேற்றிய பிறகு பாருங்கள்.

வழியில் ஆமை வருமாமே?

வரும், வசந்த காலத்தில் அதிகம். பாலைவன ஆமை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, தொடக்கூடாது. பயந்தால் சேமித்து வைத்த நீரையெல்லாம் சிறுநீராகக் கழித்துவிடும், பிறகு தாகத்தில் சாகவும் கூடும். நிழலுக்காக வண்டிக்கு அடியில் ஒதுங்கும், அதனால் கிளம்பும் முன் ஒவ்வொரு ஓட்டுநரும் குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்க்க வேண்டும். அடியில் ஆமை இருந்தால், அது தானாக நகர்ந்து போகும்வரை குழு முழுவதும் காத்திருக்கட்டும்.