முனைவர் பட்ட மாணவர்கள் அறிவியல் கட்டுரைப் போட்டிகளுக்கு எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் உண்டு என்றே சொல்வேன்.

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய். மூன்றாம் ஆண்டில், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் தொடங்கிய 'அவ்சர்' போட்டிக்கு எழுதினேன். ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி 1000 முதல் 1500 சொற்களுக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டியிருந்தது. அப்போது முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். தேர்வான 100 கட்டுரைகளுக்குத் தலா 10,000.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பிரிட்டனில் மேக்ஸ் பெரூட்ஸ் பெயரால் வழங்கப்படும் பரிசுக்கு வந்த கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் படிக்கும் மாணவர்களுக்காக 1998-இல் தொடங்கிய போட்டி அது. உன் ஆய்வு ஏன் முக்கியம் என்பதுதான் கேள்வி. பெரூட்ஸ் வியன்னாவில் பிறந்து 1936-இல் கேம்பிரிட்ஜ் வந்தவர். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற ஒரே மூலக்கூறின் வடிவத்தைக் காண 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1962-இல் நோபல் பரிசு பெற்றவர். பிற்காலத்தில் அவருடன் சேர்ந்து ஹீமோகுளோபின் குறைபாடுகளை ஆராய்ந்த ஹெர்மன் லேமன்தான், 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை அறிவித்த இருவரில் ஒருவர். நான் ரத்த மாதிரி எடுக்கப் போகும் அதே மலை! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே எழுதி முடித்துவிட்டேன். 'பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின்' என்று தொடங்கியது கட்டுரை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் நான் பார்த்த, இந்த நோயுள்ள ஒரு சிறுமியைப் பற்றி அம்மாவுக்கு முன்பே தெரியும். முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி கண்ணு, அந்தப் பிள்ளைக்குக் கால் ஏன் வலிக்கிறது?" என்றார்.

என் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. மூன்று ஆண்டுகள் படித்தவள் நான்!

உட்கார்ந்து விளக்கினேன். சிவப்பணு வட்டமாக, வளைந்து கொடுக்கக்கூடியதாக இருக்கும். தன்னைவிடக் குறுகிய ரத்தக் குழாயிலும் நெளிந்து போய்விடும். இந்த நோயில், பிராணவாயுவை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல நீள்கின்றன. சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைத்துப்போகிறது. குறுகலான இடத்தில் சிக்கிக்கொண்டால் அதற்கு அப்பால் ரத்தம் போகாது. வலி அங்கிருந்து வருகிறது. அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அப்போது குளிரில் இன்னும் வலிக்குமே?" என்றார். ஆமாம், குளிரில் குழாய்கள் சுருங்கும், வலி கூடும். அவரே கண்டுபிடித்துவிட்டார்.

கட்டுரையைத் திருப்பி எழுதினேன். சிறுமியின் கால் முதல் பத்திக்கு வந்தது, 'வேலின்' என்ற வேதிப்பெயர் நான்காவது பத்திக்குப் போனது. நீங்களும் அனுப்புவதற்கு முன், உங்கள் துறையை அறியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளரின் திருத்தத்தைவிட எனக்கு அதுதான் உதவியது. தமிழிலேயே எழுதி அனுப்பும்படி இப்படி ஒரு பரிசு வர வேண்டும் என்பது என் தீராத ஆசை. எனக்கு விளக்கம் பிறந்ததே தமிழில்தான்.

அதுவரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் என் கடமை முடிந்தது என்றிருந்தேன். அடுத்த முறை கூடலூர் போனபோது ஊசியை எடுப்பதற்கு முன் அம்மாவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சிறுமியின் தகப்பனார் கடைசிவரை பேசாமல் கேட்டார். பிறகு, "அப்படியானால் இவளுடைய தம்பிக்கும் பார்த்துவிடுங்கள்" என்று வீட்டுக்குள் போய்ச் சிறுவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.