தடுப்பூசிக்கு வீட்டு பிரிட்ஜ் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குச் சரியான சாலை இல்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இருந்தாலே பெரிது. தடுப்பூசியை இங்கேயே வைத்துக்கொள்ள ஊரார் சேர்ந்து வீட்டு பிரிட்ஜ் ஒன்று வாங்கித் தர நினைக்கிறோம். ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் போட்டால் போதும் என்கிறார் விற்பவர். சரிதானா?

பதில்: சரியில்லை. அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள்.

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போனால் சூடேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரண்ட் இருக்கும்போதே வீட்டு பிரிட்ஜின் பின்சுவர் ஓரமும் ஃப்ரீசருக்கு அடியிலும் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா ஊசி) போன்றவற்றில் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒருமுறை உறைந்தாலே அது திரண்டுவிடும், மருந்தின் வீரியம் போய்விடும். உருகிய பிறகு பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கார்டில் ஊசி போட்டதாகப் பதிவாகும், குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்காது.

குப்பியில் வி.வி.எம். என்று ஒரு அடையாளம் இருக்கும், சூடு பட்டால் அதன் சதுரம் நிறம் மாறும். அந்த நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள். அது சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நர்ஸ் ஷேக் டெஸ்ட் செய்யலாம். அதே நிறுவனம், அதே பேட்ச் குப்பி ஒன்றை இரவு முழுக்க வேண்டுமென்றே கல்லாக உறையவைத்து, சூடுகாட்டாமல் உருகவிட வேண்டும். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் வரை பார்க்க வேண்டும். சந்தேகக் குப்பியில் வண்டல் மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். உறையவைத்ததைப் போலவோ அதைவிட வேகமாகவோ படிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கவே கூடாது: ஊசி போலியோ மருந்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் அலுமினிய உப்பு இல்லை, ஆகவே வண்டலும் படியாது. ஆனால் உறைந்தால் அதுவும் கெடும். வண்டல் இல்லையே, நல்ல மருந்துதான் என்று போட்டுவிடக் கூடாது. சந்தேகம் என்றாலே ஒதுக்குங்கள். சொட்டு மருந்து போலியோ உறைந்தால் கெடாது, அதை நினைத்து இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு ஏற்றது ஐ.எல்.ஆர். எனப்படும் ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜிரேட்டர். நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் கிடைத்தால் போதும், மீதி நேரம் சுவருக்குள் இருக்கும் ஐஸ் தாங்கும். எட்டு மணி நேரமும் கிடைக்காவிட்டால் சோலார் டைரக்ட் டிரைவ் கேளுங்கள், அதாவது பேட்டரி இல்லாமல் சோலார் பேனலிலேயே நேராக ஓடும் பிரிட்ஜ். விற்பவர்கள் பேட்டரி வைத்த சோலாரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சில வருடங்களில் பேட்டரி செத்துவிடும், மாற்றித்தர யாரும் வரமாட்டார்கள்.

இடைத்தரகர் 'மெடிக்கல் பிரிட்ஜ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியதைக் காட்டினால் மயங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் தரம் பார்த்து ஏற்ற கருவிகளின் பி.க்யூ.எஸ். பட்டியலில், பிரிட்ஜ், ஃப்ரீசருக்கான இ003 பிரிவில், அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். உறைவுப் பாதுகாப்பில் 'ஏ' தரமா, அதாவது நாம் எதுவும் செய்யாமலே மருந்து உறையாமல் காக்குமா என்றும் பாருங்கள். ஸ்டெபிலைசர் ஐ.எல்.ஆருக்கும் வேண்டும்தான், ஆனால் அது வோல்டேஜைத்தான் காக்கும், குளிரைக் காக்காது.

வாங்கும் முன்பே சுகாதாரத் துறையின் இருப்புப் பதிவேட்டில் சேர்க்க எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். பதிவில் இல்லாத பெட்டிக்கு மெக்கானிக் வருவது சந்தேகம். பெட்டி வாங்க நிதி ஒதுக்குகிறவர்கள் உதிரிபாகத்துக்கு ஒதுக்குவதில்லை, மருந்து வீணானால் மெமோ மட்டும் நர்ஸுக்குப் போகிறது. இப்படி நடத்தினால் அந்த ஊரில் எந்த நர்ஸ் நிற்பார்?

பெட்டி வரும்வரை மருந்தை அங்கே வைக்காதீர்கள். ஊசி போடும் நாளில் மட்டும் வேக்சின் கேரியரில், அதாவது ஐஸ் பேக் அடுக்கிய கைப்பெட்டியில், வரட்டும். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அடுக்கக் கூடாது. குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்த பிறகே அடுக்க வேண்டும்.

பெட்டி வந்த பின் காலையிலும் மாலையிலும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். நர்ஸ் விடுப்பில் போனால் குறிப்பதற்கு இன்னொருவருக்கு இப்போதே பயிற்சி கொடுத்து, சாவியும் ஒன்று கொடுத்துவையுங்கள்.