நூலில் தொங்கும் காங்கர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களின் பால்ய நினைவுகளில் ‘காங்கர்’ விளையாட்டு அடிக்கடி வருகிறதே, அதை எப்படி ஆடுவது?

பதில்: காங்கர் என்பது ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தின் கொட்டை. பால்கன் பகுதியிலிருந்து போன மரம். தேவாலய முற்றத்திலும் ஊர்த் திடலிலும் நிழலுக்காக வளர்த்தார்கள். செப்டம்பர் கடைசியில் முள்தோடு வெடித்துக் கொட்டை உதிரும்போது பிள்ளைகளின் ஆட்டமும் தொடங்கிவிடும்.

கொட்டையைத் தேர்வு செய்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதப்பது பெரும்பாலும் உள்ளே பழுதானது, மூழ்குவதை எடுங்கள். அடுத்தது துளை. விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அவசரப்பட்டுக் கம்பியால் குத்தினால் தோல் பிளந்துவிடும். களிமண் உருண்டையில் கொட்டையைப் பதித்து, மெல்லிய டிரில்லால் நடுவில் நேராகத் துளையுங்கள். கையில் பிடித்துக் குத்தவே வேண்டாம். வழுக்கினால் உள்ளங்கை கிழியும். சுமார் 30 செ.மீ. நூலை, ஷூ லேஸ் என்றால் நல்லது, கோத்து அடியில் பெரிய முடிச்சாகப் போடுங்கள். முடிச்சு சிறிதானால் முதல் அடியிலேயே கொட்டை கழன்றுவிடும்.

ஒருவர் நூலைக் கையில் சுற்றிக் கொட்டையை அசையாமல் தொங்கவிட வேண்டும். மற்றவர் தன் கொட்டையால் அதை அடிப்பார். மும்மூன்று அடியாக மாறி மாறி ஆடுவது ஒரு முறை. நூல்கள் சிக்கினால் முதலில் ‘ஸ்டிரிங்ஸ்!’ என்று கத்துபவருக்குக் கூடுதல் அடி. யார் கொட்டை உடைகிறதோ அவர் தோற்றார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளிக் கணக்கு. புள்ளி ஆளுக்கு அல்ல, கொட்டைக்கு! புதுக்கொட்டை இன்னொரு புதுக்கொட்டையை உடைத்தால் அது ‘ஒன்-அர்’, அதாவது ஒரு புள்ளிக் கொட்டை. ஐந்து புள்ளிக் கொட்டை, மூன்று புள்ளிக் கொட்டையை உடைத்தால் அந்த மூன்றும், வெற்றிக்கான ஒன்றும் சேர்ந்து 5+3+1, ஒன்பதாகிவிடும். பழைய கொட்டையைப் பொக்கிஷமாகக் காப்பாற்றியதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: வினிகரில் ஊறவைத்தால் கெட்டியாகுமாமே?

பதில்: வினிகரும் அடுப்பும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் தந்திரங்கள். அடுப்பில் அதிகம் வாட்டினால் நொறுங்கும் தன்மைதான் வரும். அடுத்த ஆண்டுவரை காற்றோட்டமான இடத்தில் உலரவிடுவதே மேல். 1965 முதல் இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் நடக்கும் உலகக் காங்கர் போட்டியில் இந்தத் தந்திரங்களுக்கு இடமில்லை. கொட்டையையும் நூலையும் அமைப்பாளர்களே தருகிறார்கள்.

கேள்வி: சுட்டுத் தின்னும் செஸ்ட்நட்டும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லவே இல்லை. காங்கர் நச்சு; தின்றால் வாந்தி, வயிற்றுவலி வரும். இலையைப் பாருங்கள்: காங்கர் மரத்தில் விரித்த கைபோல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், தோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை முட்கள், கொட்டை உருண்டை. ஸ்வீட் செஸ்ட்நட்டுக்கு ரம்பப்பல் விளிம்புள்ள நீண்ட தனி இலை. தோட்டில் நெருக்கமான ஊசிமுட்கள். கொட்டையின் நுனி கூர்மை. சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.