6.5 என்றால் எந்த 6.5?

செப்டெம்பர் 25-இல் நோர்வேயில் மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டை தொடங்குகிறது. அதனால், வாங்கும் பொருட்களைப் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்தப் பகுதியில், இந்தமுறை சலவை இயந்திரக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டேன். வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் இத்தனை பேரா என்று எனக்கே ஆச்சரியம். எல்லோருக்கும் தோட்டாவில்தான் சந்தேகம்.

வேட்டைப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன். எங்கள் குழுவிலுள்ள நோர்வீஜியப் பெரியவர் "6.5×55 வாங்கு" என்கிறார். எனக்குத் தெரிந்தது .308 தோட்டா மட்டும்தான். இந்தச் சின்னக் குண்டு மூஸை விழுத்துமா அண்ணை? (ஓஸ்லோ)

விழுத்தும் தம்பி. நூறு வருடத்துக்கு மேலாக விழுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

6.5 என்பது குழலின் துளை, அதாவது காலிபர், மில்லிமீட்டரில். 55 என்பது மருந்தை அடக்கும் பித்தளைக் கோதின் நீளம். கோதின் நுனியிலிருந்து பறந்துபோகும் குண்டின் உண்மையான விட்டம் 6.7 மில்லிமீட்டர். பெயரில் ஒன்று, பொருளில் இன்னொன்று. இந்தத் தொழிலில் இது சகஜம். நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்த 1890களில், இரண்டு படைக்கும் பொதுவாக இதை உருவாக்கினார்கள். நோர்வே கிராக்-யோர்கன்சன் ரைபிளில் போட்டது, சுவீடன் மவுசரில் போட்டது. 1905-இல் நாடுகள் பிரிந்தன. தோட்டாவை யாரும் பாகம் பிரிக்கவில்லை.

மெல்லிய, நீளமான, பாரமான குண்டு என்பதால் ஆழமாக இறங்கும். தோளில் உதைப்பும் குறைவு. முதல் ரைபிள்காரருக்கு அது பெரிய விஷயம், உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பெட்டியில் குண்டின் எடையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நோர்வே விதிப்படி மூஸுக்குக் குண்டு குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் சக்தி வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும். 6.5×55 அதிவேகத் தோட்டா கிடையாது, 2700-க்கு மூச்சு வாங்கும். அதனால்தான் கடைகளில் 156 கிரெய்ன், அதாவது 10.1 கிராம் குண்டு இவ்வளவு ஓடுகிறது. 2200-ஐ அது சுலபமாகத் தாண்டிவிடும். விதிகள் மாறுவதுண்டு, வாங்குகிற வருடத்து விதியை ஒருமுறை பாருங்கள்.

ஈயம் வேண்டாம், செம்புக் குண்டுதான் பாவிப்பேன் என்றால் .308 வாங்குங்கள். செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்குக் குண்டு நீண்டுபோகும், 6.5-க்குள் அந்த நீளம் தொல்லை.

ஒரு பெட்டியில் "6.5×55 எஸ்.ஈ.", இன்னொன்றில் "6.5×55 சுவீடிஷ் மவுசர்". வேறு வேறா? (திரொண்ட்ஹைம்)

ஒன்றுதான்.

நண்பர் மிச்சமிருந்த 6.5 கிரீட்மூர் பெட்டியைத் தந்தார். என் ரைபிள் 6.5×55. குண்டு ஒரே அளவு என்று இணையத்தில் போட்டிருக்கிறது. உள்ளே போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் லூசாக இருக்கிறது. பரவாயில்லையா? (பெர்கன்)

பரவாயில்லையாவா? வெளியே எடுங்கள், இப்பவே. குண்டு ஒன்றுதான், கோது வேறு. கிரீட்மூர் 2007-இல் அமெரிக்காவில் வந்த தோட்டா. கோது குட்டை, 49 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் உள்ளே எழும் அழுத்தம் உங்கள் தோட்டாவைவிட அதிகம். சரியாகப் பொருந்தாத கோது வெடித்துக் கிழிந்தால் அந்தச் சூடான வாயு வருவது உங்கள் முகத்துக்கு. கடையில் வாங்கியிருந்தால் உங்கள் ஆயுத அட்டையைப் பார்த்துவிட்டு இதைத் தந்திருக்கவே மாட்டார்கள். பெட்டியை நண்பரிடமே கொடுத்துவிடுங்கள். அவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

பாவித்த ஆயுதங்கள் விற்கும் கடையொன்றில் பழைய ஜெர்மன் மவுசர் வாங்கினேன். "7.62 தானே, .308" என்றார்கள். தோட்டாவும் அங்கேயே வாங்கினேன். நல்லகாலம், சுடும் முன் வேறொரு துப்பாக்கித் திருத்துநரிடம் காட்டினேன். அது .30-06 என்கிறார். கடையில் கேட்டால் "பழைய சாமான், திருப்பி எடுக்கமாட்டோம்" என்கிறார்கள். (திரொம்சோ)

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை.

1945-இல் ஜெர்மன் படை விட்டுப்போன மவுசர்கள் நோர்வேயில் குவிந்து கிடந்தன. அவை 8×57 தோட்டாவுக்குச் செய்தவை. நோர்வேப் படை அவற்றில் பலவற்றை அமெரிக்க .30-06-க்கு மாற்றி, குழலில் "காலிபர் 7.62" என்று பொறித்தது. பொய் என்று சொல்லமுடியாது. .30-06-இன் துளையும் 7.62, .308-இன் துளையும் 7.62. ஆனால் முதலாவதன் கோது 63 மில்லிமீட்டர், மற்றது 51. பிற்காலத்தில் சில மவுசர்களை அந்த 51-க்கும் மாற்றினார்கள். ஆகவே பழைய மவுசர் ஒன்றில் "7.62" என்று மட்டும் பார்த்தால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. குழலில் தோட்டா உட்காரும் அறையை அளந்து பார்க்கவேண்டும். அது வாங்குபவரின் வேலையா? சம்பளம் வாங்கிக்கொண்டு விற்பவரின் வேலை. அரைகுறையாகப் பெயர் சொல்லி விற்கும் இந்தப் பழக்கத்தை நான் எத்தனை தடவைதான் திட்டுவது! தேநீர்க் கேத்தலில் தவறு நடந்தால் தேநீர் போகும். இதில் கண் போகும்.

சரி, செய்யவேண்டியது இதுதான். பழைய பொருளானாலும், சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் சட்டப்படி அது குறைபாடு. கண்டுபிடித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டால் "பிந்திவிட்டது" என்று கடை சொல்லமுடியாது. திருத்துநரிடம் ஒரு துண்டுக் கடிதம் வாங்கி இணையுங்கள். மறுத்தால் நுகர்வோர் மேற்பார்வை அமைப்பான ஃபோர்ப்ரூக்கர்தில்சூனெட்டில் சமரசம் கேளுங்கள். ஆயுத அட்டையிலும் காலிபர் தவறாக இருந்தால் பொலிஸுக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த .308 பெட்டிகளின் பணத்தையும் கேட்க மறக்காதீர்கள்.

இலக்குச் சுடும் தோட்டா பாதி விலை. அதையே மூஸுக்கும் பாவித்தால் என்ன? (ஸ்தவங்கர்)

சட்டவிரோதம். குண்டு உள்ளே விரியாது, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போகும், விலங்கு எங்கோ போய்ப் பல மணி நேரம் துடிக்கும். பயிற்சிக்கு வாங்குங்கள்.

என் கணவர் "அரிய காலிபர், அரை விலை" என்று ஒரு பழைய ரைபிளைப் பார்த்துவைத்திருக்கிறார். வாங்கவிடலாமா? (துரம்மன்)

விடாதீர்கள் தங்கச்சி. நானும் ஒருகாலத்தில் 6.5×57 ஒன்றை அரை விலைக்கு வாங்கினேன். 55-க்கும் 57-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்த புத்திசாலி நான். எங்கள் ஊர்க் கடையில் தோட்டா கேட்டேன். பையன் இரண்டு தரம் "55 தானே?" என்று கேட்டுவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி சிரித்தார். ஓடர் பண்ணி வருவதற்குள் அந்த வருடத்து வேட்டையே முடிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, வாங்கியதிலும் பாதி விலைக்கு விற்றேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றேன். வாங்கியவர், "55-க்கும் 57-க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்றார்.